பெயர் தெரிந்தால் போதுமா? கடல்நீர்த் தொட்டியின் அழையா விருந்தாளிகள்

2009ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதி. நியூக்வே ஊரிலுள்ள புளூ ரீஃப் கடல்வாழ் காட்சியகத்தில் ஒரு தொட்டியின் பவளங்கள் இரவோடிரவாகச் சிதைந்துகொண்டே வந்தன. மீன்களும் காயப்பட்டன. காலையில் வந்து பார்க்கும் ஊழியர்களுக்குக் குற்றவாளி யாரென்று பிடிபடவில்லை. பொறி வைத்தார்கள், பொறியே சிதைந்து கிடந்தது. கடைசியில் பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தபோது நாலடி நீளமுள்ள ஒரு புழு அகப்பட்டது. யூனிசிட் குடும்பத்தைச் சேர்ந்த, கத்திரிபோன்ற தாடைகள் கொண்ட புழு. ஊழியர்கள் அதற்கு பேரி என்று செல்லப் பெயர் வைத்தார்கள். பாறையின் துளைக்குள் குட்டியாக ஒளிந்து வந்து உள்ளேயே வளர்ந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கணிப்பு. 2013இல் வோக்கிங் நகரின் ஒரு மீன் கடையிலும் ஏறக்குறைய இதே கதை நடந்தது.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடையே இந்தச் சம்பவங்களுக்குப் பெரும் புகழ். அந்தப் புகழ் செய்த கெடுதல் என்னவென்றால், எந்தப் பாறையிலிருந்து எந்தப் புழு தலை நீட்டினாலும் முதலில் நினைவுக்கு வருவது பேரிதான். பயந்தபடி ஒரு படம் எடுக்கிறார்கள், தெரிந்தவர்களிடம் காட்டுகிறார்கள். "இது என்ன?" என்ற கேள்வியோடு, அதன் வாலைப் பிடித்தபடியே அடுத்த கேள்வியும் வருகிறது: "நல்லதா, கெட்டதா?" பதிலாக ஒரு பெயர் கிடைக்கிறது. பெயரோடு ஒரு தீர்ப்பும். அதன்படி அந்த உயிர் தொட்டியில் தங்குகிறது, அல்லது இடுக்கியால் பிடுங்கப்பட்டுக் குப்பைக்குப் போகிறது.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லி, பெயரை வைத்துத் தீர்ப்பு சொல்லும் இந்தப் பழக்கம் இன்று உலகெங்கும் வேரூன்றிவிட்டது. இதில் நல்லது நிறைய உண்டு. ஆனால் இரண்டாவது படியில், அதாவது பெயரிலிருந்து தீர்ப்புக்குத் தாவும் இடத்தில், இது பெரும்பாலும் சறுக்குகிறது என்பதே என் கட்சி.

இந்த உயிர்கள் எப்படி வந்து சேர்கின்றன என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1961இல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்களையும் இயற்கைக் கடல்நீரையும் வைத்தே தொட்டி அமைக்கும் தம் முறையை ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் எழுதினார். அந்தக் கற்களைத்தான் இன்று 'லைவ் ராக்' என்று கிலோ கணக்கில் விற்கிறார்கள். பெரும்பாலும் செத்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடு அது. நுண்துளைகளுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிவிடும், அதற்காகத்தான் வாங்குவது. ஆனால் துளை என்றால் அதில் பாக்டீரியா மட்டுமா இருக்கும்? கடற்பஞ்சு, குழாய்ப் புழு, நத்தை, நண்டு, நொறுங்கு நட்சத்திரம், கடல் சாமந்தி, பாசி எல்லாம் இருக்கும். ஈரக் காகிதம் சுற்றி, விமானத்தில் ஏறி, கடை கடையாக மாறி வந்த பின்னும் இவற்றில் பல பிழைத்திருக்கும். மாதக்கணக்கில் மறைந்திருந்துவிட்டு ஒருநாள் வெளியே தலைகாட்டும்.

பெயர் சூட்டும் ஆசை இந்தப் பொழுதுபோக்கோடு பிறந்தது. வீட்டில் கண்ணாடித் தொட்டியில் கடலுயிர் வளர்க்கும் மோகத்தை இங்கிலாந்தில் கிளப்பிவிட்டவர் பிலிப் ஹென்றி காஸ். தொட்டி பற்றிய அவருடைய புத்தகம் 1854இல் வந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டன் கடற்கரை உயிர்களை இனங்காண ஒரு கையேட்டை வெளியிடத் தொடங்கினார். கடல் சாமந்திகளுக்கென்றே தனி நூலும் எழுதினார். அவர் படித்தவர்களைக் கடற்கரைக்கு அனுப்பினார். போனவர்கள் கூடையோடு திரும்பினார்கள். அந்தக் கரையோரப் பாறைக் குட்டைகள் சேகரிப்பாளர்களால் சூறையாடப்பட்டதை, அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியான தம் நினைவு நூலில் வருத்தத்தோடு பதிவுசெய்திருக்கிறார். அறியும் ஆசை, அறியப்பட்டதையே அழித்த முதல் கணக்கு அது.

இனி, இந்தப் பழக்கத்தின் பெருமையைச் சொல்ல வேண்டும். நான் தயங்காமல் முதலில் வைக்கும் சான்று ஒரு தட்டைப்புழு. அக்ரோபோரா என்ற கிளைப்பவளத்தை வளர்ப்பவர்கள், காரணமே இல்லாமல் அது வெளிறுவதைக் கண்டார்கள். உற்றுப் பார்த்தால், திசுவின்மேல் ஒழுங்கான சிறு வட்டங்களாக வெளிறிய தடங்கள். கிளையின் அடியில், திசு போன வெற்றுக் கூட்டின்மேல், பழுப்பு நிறத்தில் முட்டைக் குவியல். புழுவை மட்டும் காணோம். பவளத்தைத் தின்று பவளத்தின் நிறத்தையே தன் வயிற்றில் ஏந்தியிருப்பதால் அது கண்ணில் படாது. குழாயால் வேகமாக நீரை அடித்தால் விரல்நகத்தைவிடச் சிறிய, ஒளிபுகும் ஒரு தகடு உருண்டு விழும். இதையெல்லாம் கண்டுபிடித்தவர்கள் ஆய்வகத்தார் அல்லர். தங்கள் வீட்டுத் தொட்டிமுன் இரவில் உட்கார்ந்திருந்தவர்கள். புழுவுக்கு அறிவியல் பெயர் கிடைத்தது 2011இல்தான்: அமகுசாப்ளானா அக்ரோபோரே. அதை விவரித்த கேட் ராலின்சன் குழுவில் பவளத் தொட்டிகள் பற்றி நூல் எழுதிய எரிக் போர்ன்மனும் ஒருவர். அதன் பிறகே, 2012இல், ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் அதை இயற்கைச் சூழலில் கண்ட முதல் பதிவு வெளியானது. வீட்டுத் தொட்டி முந்திக்கொண்டது, கடல் பின்னால் வந்தது.

இன்னொன்றும் உண்டு. மான்டிபோரா பவளத்தைத் தின்னும் வெண்ணிற ஓடில்லாக் கடல் நத்தை ஒன்று நீண்ட காலம் வளர்ப்பவர்களின் தலைவலியாக இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் முறையான பெயரில்லாத உயிர். 2021இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் அதற்கு பெஸ்டில்லா சப்ஓடியோசா என்று பெயரிட்டார்கள். எந்தப் பவளத்தை உண்ணும், முட்டையை எங்கே இடும், எத்தனை நாளில் பொரியும் என்பதைக் கவனித்து எழுதிவைக்கும் ஆயிரக்கணக்கான கண்கள் இல்லாவிட்டால் இப்படிப்பட்ட உயிர்கள் அறிவியலின் பார்வைக்கே வந்திருக்காது.

கவனித்தால் ஒன்று புரியும். இந்த இரண்டு வெற்றிகளிலும் பெயர் கடைசியில்தான் வந்தது. முதலில் வந்தது நடத்தை: எதைத் தின்கிறது, எப்போது வெளியே வருகிறது, என்ன தடம் விட்டுச் செல்கிறது. அன்றாடப் பழக்கமோ தலைகீழாக நடக்கிறது. முதலில் பெயர், நடத்தையைப் பெயரிலிருந்து ஊகித்துக்கொள்வது.

இந்தத் தலைகீழ்ப் போக்கின் முதல் பலி, முள்மயிர்ப் புழு. 'பிரிஸல் வார்ம்' என்று எல்லோரும் சொல்வது. விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிப் பாறைமேல் அடித்தால் இதைப் பார்க்கலாம். சிவப்பு ஒளியை இரவுயிர்கள் பலவும் பொருட்படுத்துவதில்லை. இளஞ்சிவப்பு உடல், இரு விலாவிலும் வெள்ளைப் பஞ்சு போல முள்மயிர்க் கற்றைகள். பாதி உடலைத் துளைக்குள் ஊன்றிக்கொண்டு மறுபாதியால் மணலைத் துழாவும். மீன் தின்னாமல் விட்ட ஒரு தீவனத் துணுக்கு அகப்பட்டால் கவ்விக்கொண்டு சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டியின் துப்புரவுப் பணியாளர் அது. விரலால் தொட்டால் முள்மயிர் தைத்து நாள்கணக்கில் எரியும் என்பது தவிர, சாதாரணமாக அதனால் தொல்லை இல்லை.

ஆனால் காலையில் ஒரு நத்தை செத்துக் கிடக்கிறது. ஓட்டுக்குள் பத்துப் புழுக்கள். பார்த்தவர் முடிவுகட்டிவிடுகிறார்: புழு நத்தையைக் கொன்றுவிட்டது. இழவு வீட்டில் கூடியிருப்பவர்களைக் கொலைகாரர்கள் என்று பிடித்துக்கொண்டு போவது போன்ற தர்க்கம் இது. நத்தை செத்த வாடைக்கு வந்தவை அவை. இந்த ஒரு பிழைதான் ஒட்டி வந்த உயிர்கள் மீதான தீர்ப்புகளில் ஆகப் பெரும்பான்மைக்கும் வேர் என்று நினைக்கிறேன். சிதையும் பவளத்தின்மேல் நிற்பதாலேயே ஒன்று பவளந்தின்னி ஆகிவிடுகிறது. நாள்முழுதும் பாசி மேயும் குட்டி நட்சத்திரம், வாடிய ஜோவாந்திட் (பவளத்தின் உறவான சிறு கூட்டுயிர்) மொட்டின்மேல் ஒருநாள் படம் பிடிக்கப்பட்டுவிட்டால் அதன் வம்சமே குற்றப் பரம்பரை.

பவளத்தைத் தின்னும் முள்மயிர்ப் புழு இல்லாமலும் இல்லை. ஹெர்மோடிஸ் கரன்குலாட்டா என்பது அட்லாண்டிக், கரீபியன், மத்தியதரைக் கடல்களில் வாழும் தீப்புழு. தலையின்மேல் மடிப்பு மடிப்பாகத் தடித்த சதை, விலாவில் கொத்துக் கொத்தாகச் செந்நிறச் செவுள்கள். இதை அடையாளம் காணத் தெரிந்தவர் மற்றதைக் கொல்ல மாட்டார். இங்கே இனங்காணல் உயிர் காக்கிறது. அதே நேரம், தொட்டிகளில் சாதாரணமாகக் காணப்படும் யூரிதோ காம்ப்ளனேட்டாவே ஒரே இனமன்று, பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் பல இனங்களின் தொகுப்பு என்று மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. வல்லுநருக்கே இந்த நிலை என்றால் நீல விளக்கொளியில் எடுத்த மங்கலான கைப்பேசிப் படத்தை வைத்து நாம் எவ்வளவு தூரம் போக முடியும்?

படத்தின் குறையைக்கூடச் சரிசெய்துவிடலாம். வெள்ளை விளக்கைப் போட்டு, அருகில் ஓர் அளவுகோல் வைத்து, பக்கவாட்டிலிருந்து எடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். தீராத சிக்கல் வேறு: இடம். ஒரு கடலுயிரை இனங்காணும் எவரும் முதலில் கேட்பது "எங்கே கிடைத்தது?" என்றுதான். சென்னை அருங்காட்சியகம் 1927இல் மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி ஒரு தொகுதி வெளியிட்டது. கிரேவ்லி அப்போது அதன் கண்காணிப்பாளர். அந்தப் பட்டியலுக்கு இருக்கும் நம்பகத்தன்மைக்கு முதற்காரணம் தீவு ஒன்றே என்பது. தொட்டியில் அந்த வசதி இல்லை. பிஜிப் பாறையும் இந்தோனேசியப் பவளமும் புளோரிடா நத்தையும் லாஸ் ஏஞ்சலிஸ் மொத்த வியாபாரியின் ஒரே நீரோட்டத்தில் சில நாள் கிடந்துவிட்டு வருகின்றன. எந்தப் பெருங்கடலின் உயிர் என்றுகூடத் தெரியாத ஒன்றை இனம்வரை சொல்லத் துணிவது தைரியமா அசட்டுத்தனமா என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறேன்.

அதனால்தான் நடைமுறையில் பெயர்கள் குடும்ப அளவிலேயே நின்றுவிடுகின்றன. அது குற்றமில்லை. குடும்பத்துக்குச் சொல்லும் தீர்ப்புதான் குற்றம். 'பாபிட் வார்ம்' என்ற பெயரையே பார்க்கலாம். 1996இல் வெளியான ஒரு பவளத்திட்டு உயிர்க் கையேட்டின் வழியே, அப்போது அமெரிக்காவையே பேச வைத்த ஒரு குடும்ப வழக்கை நினைவூட்டும் விதமாக இந்தப் பெயர் பரவியது. குறித்தது யூனிசி அஃப்ரோடிடாய்ஸ் என்ற புழுவை. 2009இல் ஜப்பானின் ஷிரஹாமாவில் மிதவை ஒன்றுக்குள் ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளத்தில் ஒன்று கிடைத்ததாகப் பதிவு உண்டு; 673 கண்டங்களைக் கொண்ட உடல். பயங்கரம்தான். ஆனால் தலையில் ஐந்து உணர்கொம்புகளும் வானவில் மினுக்கும் தோலும் கொண்ட யூனிசிட் புழுக்கள் ஏராளம். பாசியை நறுக்கித் தின்று, விரலளவுக்கு மேல் வளராமல் காலம் தள்ளுபவை பல. ஒரே பயமுறுத்தும் பெயர் எல்லாத் தலையிலும் ஏறிவிட்டது.

நண்டுகளுக்கும் இதே கதி. கொடுக்கின் நுனி கரண்டிபோல் தட்டையாக இருந்தால் பாசி சுரண்டுபவன், கூர்மையாகவும் கறுப்பாகவும் இருந்தால் வேட்டைக்காரன் என்பது வளர்ப்பவர்களின் வாய்மொழி இலக்கணம். மோசமான இலக்கணமில்லை, உடலமைப்பிலிருந்து தொழிலை ஊகிக்கிறது, வெறும் பெயரைவிடப் பல மடங்கு மேல். ஆனால் டிரபீசியா நண்டு முன்னால் அது தோற்றுப்போகும். போசிலோபோரா பவளக் கிளைகளுக்கிடையே ஜோடியாக வாழும் இந்தச் சிறு நண்டு, பவளத்தின் சளியையும் கொழுப்புத் துணுக்கையும் உண்ணும். கூலியாக, பவளத்தைத் தின்ன வரும் முட்கிரீட நட்சத்திரத்தின் குழாய்க்கால்களைக் கிள்ளி விரட்டும். படியும் வண்டலையும் துடைக்கும். பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவில் இந்த நண்டுகளை அகற்றிப் பார்த்தபோது பவளங்களில் கணிசமானவை ஒரு மாதத்துக்குள் செத்தன, எஞ்சியவை வெளிறின என்று 2006இல் ஓர் ஆய்வு வெளியானது. இதை அறியாமல் "பவளத்துக்குள் நண்டு, உடனே எடு" என்று யோசனை சொல்பவர்கள் இன்றும் உண்டு. காவல்காரனை வெளியேற்றிவிட்டு வீட்டைப் பூட்டுகிறார்கள்.

சரி, பெயரும் சரி, தீர்ப்பும் சரி என்றே வைத்துக்கொள்வோம். ஐப்டேசியா என்ற கண்ணாடிக் கடல் சாமந்தியைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. பழுப்பு நிறம், நீண்ட மெல்லிய உணரிழைகள், தொட்டால் துளைக்குள் ஓடிவிடும். பக்கத்துப் பவளத்தைக் கொட்டும், கட்டுக்கடங்காமல் பெருகும். பார்த்தவுடன் பிடுங்குகிறார்கள். பாறையில் ஒட்டியிருக்கும் பாதத்தின் துணுக்கு ஒவ்வொன்றும் புதுச் சாமந்தியாக வளரும் என்பது பிறகுதான் தெரியவருகிறது. ஒன்று பத்தாகிறது. அடுத்து, அதைத் தின்னும் பெப்பர்மின்ட் இறாலை வாங்கப் போகிறார்கள். கடையில் கிடைப்பது பார்வைக்கு அதுபோலவே சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும் ஒட்டக இறால். அது சாமந்தியை விட்டுவிட்டுப் பவளத்தில் கைவைக்கும். விருந்தாளியை இனங்கண்டவர், பணம் கொடுத்து அழைத்து வந்தவனை இனங்காணவில்லை. இடையில் ஒரு செய்தி: பவளத்துக்கும் பாசிக்கும் உள்ள கூட்டுவாழ்வை ஆராயும் ஆய்வகங்கள் இதே ஐப்டேசியாவைத்தான் சீராட்டி வளர்க்கின்றன, அதன் மரபணுத்தொகுதி 2015இல் வெளியானது. தொட்டிக்காரருக்குக் களை, ஆய்வாளருக்குக் கண்மணி.

கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே இந்தப் பழக்கம் விசாரிக்கிறது என்பது இன்னொரு பெருங்குறை. கடல்நீர்த் தொட்டிகளில் மீன்களைக் கொத்துக்கொத்தாகக் கொல்பவற்றில் முன்னிற்பது கிரிப்டோகேரியன் என்ற ஒட்டுண்ணி. மீன்மேல் உப்புத் தூவியதுபோல வெண்புள்ளியாகத் தெரியும் கட்டம் ஒன்று அதற்கு உண்டு. அதற்கு அடுத்த கட்டத்தில், மீனைவிட்டு உதிர்ந்து, கல்லிலோ நத்தை ஓட்டிலோ நுண்ணிய கூடாக ஒட்டிக்கொண்டு, நாட்கள் கழித்து வெடித்து நீந்தும். அதுவும் ஒட்டி வந்த உயிர்தான். அதைப் படமெடுத்து யாரும் பெயர் கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. கால் முளைத்த நண்டைத் துரத்தி ராத்திரி முழுக்கக் கண்விழிப்பவர், புதுப் பாறையைத் தனித்தொட்டியில் சில வாரம் வைத்திருக்கும் பொறுமையைக் காட்டுவதில்லை. பெயர் தேடும் பரபரப்பு, தனிமைப்படுத்தும் ஒழுக்கத்துக்குப் பதிலாகிவிடுகிறது. என் பார்வையில் இந்தப் பழக்கத்தின் மீதான மிகக் கடுமையான குற்றச்சாட்டு இதுவே.

இவ்வளவு சொன்ன பிறகு, பெயரே வேண்டாம் என்பவன் நானல்லன். பெயர் தெரியாமல் கைவைத்தால் மனிதனுக்கே ஆபத்து என்ற இடங்கள் உண்டு. பாலிதோவா என்ற ஜோவாந்திட் வகையில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. பாறையோடு வந்து தொட்டியில் பரவிய பழுப்பு ஜோவாந்திட்களை ஒழிக்கக் கொதிநீரை ஊற்றிய ஒருவர், எழுந்த ஆவியைச் சுவாசித்து மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குப் போனது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. அலாஸ்காவில் 2012க்கும் 2014க்கும் இடையே கடைகளிலும் வீடுகளிலும் நேர்ந்த இத்தகைய பாதிப்புகளை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் தன் வார அறிக்கையில் வெளியிட்டது. 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தொட்டியைச் சுத்தம் செய்த ஒரு குடும்பமும் உதவிக்குப் போனவர்களும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

ஆனால் இங்கேயும் பெயரின் எல்லை தெரிகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த ஜோனத்தன் டீட்ஸும் குழுவினரும் கடைகளில் விற்கும் ஜோவாந்திட்களைச் சோதித்து 2011இல் வெளியிட்ட முடிவுகளில், சிலவற்றில் மிக உயர்ந்த அளவு நஞ்சு இருந்தது. பார்வைக்கு நெருங்கிய வேறு சிலவற்றில் அநேகமாக இல்லை. எது எது என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. ஆக, இங்கே தேவைப்படுவது இனப்பெயரன்று. "இது ஜோவாந்திட்" என்ற அளவு தெரிந்தாலே போதும். கையுறையும் கண்ணாடியும் போடு, காய்ச்சாதே, வெளியே எடுத்துத் தேய்க்காதே என்ற விதிகள் உடனே வந்துவிடும். நாம் செய்யப்போகும் காரியத்தை எந்தத் தகவல் மாற்றுமோ அதுவரை இனங்கண்டால் போதும். அதற்குமேல் போவது அறிவின் இன்பம். நல்ல இன்பம்தான், தீர்ப்புக்கு அடிப்படையாக்கக் கூடாது.

பெயர் ஐயமின்றித் தெரிந்திருந்தும் நடத்தையைத் தவறாகக் கணித்த உதாரணம் நம் கடலிலேயே இருக்கிறது. கேப்பாஃபைகஸ் அல்வரேசி என்ற பாசி பிலிப்பைன்ஸ் பகுதியைச் சேர்ந்தது. கேராஜினன் என்ற கூழ்மப்பொருளை எடுப்பதற்காக மண்டபம் பகுதிக்கு அறிஞர்களாலேயே கொண்டுவரப்பட்டு வளர்க்கப்பட்டது. இனம், பிறப்பிடம், பயன் எல்லாம் தெரியும். பவளத்துக்குத் தீங்கு நேராது என்றுதான் நம்பினார்கள். 2008இல் அது குருசடைத் தீவின் பவளங்களைப் போர்த்திக்கொண்டு பரவியிருப்பது பதிவானது. பெயர்ப்பலகை ஓர் உயிரின் எதிர்காலத்தைச் சொல்வதில்லை.

நம்மூரில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. இந்தியாவில் எல்லாப் பாறைப் பவளங்களும் 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் அட்டையும் கடல் குதிரையும் அப்படியே. மன்னார் வளைகுடாவிலிருந்து பவளக்கல்லை எடுப்பதும் விற்பதும் குற்றம். வெளியேயும் கதவுகள் மூடிக்கொண்டே வருகின்றன. புளோரிடாவில் இயற்கை லைவ் ராக் எடுப்பது மாநிலக் கடலில் முதலிலும் 1997இல் கூட்டரசுக் கடலிலும் நிறுத்தப்பட்டது. இப்போது நிலத்துச் சுண்ணாம்புக் கல்லைக் குத்தகைக் கடற்பரப்பில் போட்டு, சில ஆண்டு கழித்து உயிர் படிந்ததும் எடுத்து விற்கிறார்கள். பலர் உலர்கல்லுக்கே மாறிவிட்டார்கள். உலர்கல்லில் விருந்தாளி இல்லை. ஆகவே கேள்வியும் இல்லை. அந்தத் தொட்டிகளில் துப்புரவுப் புழுவும் இல்லாமல், முதல் ஆண்டு முழுக்க அசிங்கப் பாசிகள் மாறிமாறி ஆட்சி செய்யும். இருந்தாலும், கடலிலிருந்து ஒரு கல்கூட எடுக்காத தொட்டியில் பாசி துடைப்பது சின்ன விலை. எனக்கு இதில் இரண்டு கருத்து இல்லை.

அப்படியும் நத்தையோடும் பவளத் துண்டோடும் ஏதோ ஒன்று வரத்தான் செய்யும். வந்தால், முடிகிறபோது அதை ஒரு சிறு பாத்திரத்துக்கு மாற்றி, பாசி படிந்த கல் ஒன்றும் சந்தேகப்படும் இரை ஒன்றும் போட்டுச் சில இரவுகள் பாருங்கள். பாறையின் ஆழத்தில் இருப்பதை இப்படி மாற்ற முடியாது, தெரியும். அப்போது நேரத்தையும் எண்ணிக்கையையும் தடத்தையும் குறித்துவையுங்கள். யாரிடமாவது கேட்கும்போது பெயரைக் கேட்பதற்கு முன் இந்தக் குறிப்பைக் கொடுங்கள். பெயர் சொல்பவர், எந்த உறுப்பைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று திருப்பிக் கேளுங்கள். சொல்ல முடியாதவரின் தீர்ப்பை நிறுத்திவையுங்கள்.

ஒன்றை மட்டும் எந்தப் பெயர் கிடைத்தாலும், கிடைக்காவிட்டாலும் செய்யாதீர்கள்: பிடித்ததைக் கடலிலோ காயலிலோ கழிவுநீரிலோ விடாதீர்கள். காலெர்பா டாக்சிஃபோலியா என்ற தொட்டிப் பாசி 1984இல் மொனாக்கோ கடலில் காணப்பட்டு மத்தியதரைக் கடலில் பரவியது. 2000இல் கலிஃபோர்னியாவின் அகுவா ஹெடியோண்டா காயலிலும் தலைகாட்டியது. அடுத்த ஆண்டே அந்த மாநிலம் சட்டம் போட்டது. தடுத்தது அந்த ஓர் இனத்தை மட்டுமன்று. அதைப்போலவே தோன்றுபவற்றையும் பரவக்கூடியவற்றையும் சேர்த்து மொத்தம் ஒன்பது காலெர்பா இனங்களை வைத்திருக்கவும் விற்கவும் கூடாது என்றது. காயலை அந்தப் பாசியிலிருந்து மீட்க 2006 வரை ஆனது. செலவு 70 லட்சம் டாலருக்கு மேல்.